வாங்கிய போன்: கிரயமா, குத்தகையா?

ஒரு நிலத்தைக் கிரயம் பேசி, முழுத் தொகையையும் எண்ணிக் கொடுத்து, பத்திரம் பதிந்து, பட்டாவும் நம் பெயருக்கு மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் மண்வெட்டியோடு போனால் விற்றவர் வரப்பில் நிற்கிறார். "உளுந்து மட்டும் போட்டுக்கிடுங்க. மோட்டார் ரூம் சாவி எங்கிட்டதான் இருக்கும். தெக்கு மூலையில நாலு பேரு கடை போட்டிருக்காங்க, அவங்கள எழுப்பக் கூடாது. ரெண்டு மூணு வருஷம் போனா தண்ணி விடமாட்டேன், வேற நிலம் வாங்கிக்கிடுங்க" என்கிறார். பசுவந்தனைப் பக்கம் யாராவது இப்படிப் பேசினால் விஷயம் கோர்ட்டு வரை போகாது. வரப்பிலேயே தீர்ந்துவிடும்.

ஆனால் நம் எல்லோருடைய சட்டைப் பையிலும் கிடக்கும் ஆண்ட்ராய்டு போன் விஷயத்தில் இதே பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கேட்டுவிட்டுத் தலையையும் ஆட்டுகிறோம்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் குப்பை கொட்டியவன் நான். கிரயம், குத்தகை, ஒத்தி, பட்டா மாறுதல், அனுபவ பாத்தியதை என்று இந்தச் சொற்களோடேயே காலம் போனது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். கடைக்காரர் கொடுக்கும் பில்லைப் படித்தால் அது கிரயம். போனைத் திறந்து பார்த்தால் அது குத்தகை. குத்தகை என்றால்கூட இத்தனை வருஷம் என்று ஒரு கெடு எழுதியிருக்கும். இதில் அதுவும் பல நேரம் கிடையாது.

என் பள்ளிப் படிப்பு புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அந்தப் படிப்பில் வளர்ந்தவர்களுக்கு நெப்போலியன் காலத்துச் சட்டத்தொகுப்பைப் பற்றிய பேச்சு காதில் விழாமல் இருக்காது. 1804-இல் வந்த அந்தத் தொகுப்பின் 544-ஆம் பிரிவு சொத்துரிமையைப் பற்றியது. சட்டம் தடுக்காத வரையில், தன் பொருளை முழுமையாக அனுபவிக்கவும் தன் விருப்பம்போல் செய்துகொள்ளவும் உடையவனுக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். சட்டம் படித்தவர்கள் இதை மூன்றாகப் பிரிப்பார்கள். பொருளைப் பயன்படுத்துவது ஒன்று. அதன் பலனை அடைவது இரண்டு. அதை மாற்றுவது, விற்பது, வேண்டாமென்றால் அழிப்பது மூன்று. முதல் இரண்டு மட்டும் கையில் இருந்தால் அவன் அனுபவதாரன். மூன்றாவதும் இருந்தால்தான் உடையவன். இந்த அளவுகோலை வைத்துத்தான் போனைப் பார்க்கப்போகிறேன்.

கோவில்பட்டியில் ஒரு கடையில் சில வருஷங்களுக்கு முன் ஒரு போன் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. வாங்கிய அன்றே உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆப் குடியிருந்தது. சாமான் விற்கும் ஆப், எனக்குத் தெரியாத மொழியில் செய்தி சொல்லும் ஆப், சீட்டு விளையாட்டு. சிலவற்றை நீக்க முடிந்தது. சிலவற்றை அழுத்திப் பிடித்தால் 'நீக்கு' என்ற சொல்லே வரவில்லை. மத்தியானம் கண் அசந்தால் மணி அடித்து விளம்பரம் காட்டும். இரண்டு வருஷத்தில் அப்டேட் வருவது நின்றது. அடுத்து ஒவ்வொரு ஆப்பாக, 'உங்கள் போனில் இனி ஓடாது' என்றது. கடைக்குக் கொண்டுபோனால் பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, "போன் நல்லாத்தான் இருக்கு சார். கம்பெனிக்காரனே விட்டுட்டான். புதுசு எடுத்துருங்க" என்றான். திரை நன்றாக இருக்கிறது, பேட்டரி நிற்கிறது, பேச்சு தெளிவாகக் கேட்கிறது. ஆனாலும் போன் செத்துவிட்டதாம்! உயிரோடு இருப்பவருக்கு இறப்புச் சான்றிதழ் கொடுத்த கதைதான்.

இந்த இடத்தில்தான் 'ரூட் செய்வது' என்ற சொல் வருகிறது. பேரன் பேத்திகள் பேசக் கேட்டிருப்பீர்கள். அது என்ன என்று எளிமையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ். அதில் யாருக்கு என்ன அதிகாரம் என்பதற்கு ஓர் எண் கணக்கு உண்டு. போனில் உள்ள ஒவ்வொரு ஆப்பும் தனித்தனி எண் கொண்ட ஒரு பயனாளர். ஒன்றின் அறைக்குள் மற்றொன்று நுழைய முடியாது. எல்லா அறைக்கும் சாவி வைத்திருப்பவர் ஒருவர் உண்டு. அவர் எண் பூஜ்யம், பெயர் 'ரூட்', அதாவது வேர். காசு கொடுத்து வாங்கிய நமக்கு அந்தப் பதவி கிடையாது. நாம் போன் தயாரித்தவரின் அனுமதியோடு உள்ளே குடியிருப்பவர்கள். அந்த வேர் அதிகாரத்தை உடையவர் தன் கைக்கு எடுத்துக்கொள்வதுதான் ரூட் செய்வது. அதற்கு முன்னால் 'பூட்லோடர்' என்று ஒரு வாசல் பூட்டு இருக்கிறது. போன் விழிக்கும்போது எந்த மென்பொருளை உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவல்காரன் அது. அதைத் திறந்தால், கம்பெனி கைவிட்ட போனில் வேறு நல்ல மென்பொருளையும் ஏற்றலாம்.

இது ஏதோ திருட்டு வேலை என்று நினைப்பவர்கள் நம் வயதில் நிறையப் பேர். இதன் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. முதல் ஆண்ட்ராய்டு போன் 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த மாதமே ஒரு வேடிக்கை வெளியே வந்தது. அந்தப் போனின் விசைகளில் எதைத் தட்டினாலும், அது பின்னால் ரூட் அதிகாரத்துக்கும் கட்டளையாகப் போய்க்கொண்டிருந்தது. அரட்டையில் 'ரீபூட்' என்று தட்டியவரின் போன் உடனே அணைந்து மறுபடி கிளம்பியது! கூகுள் அந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் அதற்குள் அதன் வழியே உள்ளே போனவர்கள் போனைத் தங்கள் விருப்பப்படி திருத்தத் தொடங்கிவிட்டார்கள். 2009-இல் ஸ்டீவ் கொண்டிக் என்பவர் 'சயனோஜென்மாட்' என்ற திருத்திய ஆண்ட்ராய்டை வெளியிட்டார். 2016 கடைசியில் அது நின்றபோது அதன் வாரிசாக 'லீனியேஜ்' வந்தது. கம்பெனிகள் கைவிட்ட எத்தனையோ போன்களுக்கு இன்றைக்கும் புதிய ஆண்ட்ராய்டை இலவசமாகத் தருகிறவர்கள் இந்தத் தன்னார்வலர்கள்தான்.

தமிழர்களான நமக்கு இதில் சொந்த அனுபவமே உண்டு. யூனிகோடு எழுத்து அட்டவணையில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. இருபது வருஷம் கழித்து வந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் தமிழைத் திறந்தால் வரிசையாகக் கட்டம் கட்டமாகத் தெரியும். 2010, 2011 வாக்கில் போன் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஓபரா மினி என்ற உலாவியில் ஓர் அமைப்பை மாற்றி, எழுத்தைப் படமாக வரவழைத்துப் படித்தோம். அந்த உலாவிக்கு வெளியே வந்தால் மறுபடியும் கட்டம். ஒரு தமிழ் எழுத்துருக் கோப்பைப் போனின் எழுத்துரு அறைக்குள் கொண்டு வைத்தால் கட்டம் போய் எழுத்து வந்துவிடும். ஆனால் அந்த அறை பூட்டிய அறை. ரூட் செய்தவர்கள் உள்ளே போய் வைத்தார்கள். கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறி நின்றன என்றாலும் தமிழ் என்று தெரிந்தது. ஆண்ட்ராய்டின் நான்காம் பதிப்பை ஒட்டித்தான் தமிழ் தானாக வரும் நிலைமை உண்டானது.

யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில், தமிழன் காசில் வாங்கிய போனில், தமிழ் படிக்கப் பூட்டை உடைக்க வேண்டியிருந்தது. இதை உடைத்தவன் குற்றம் என்பீர்களா, பூட்டியவன் குற்றம் என்பீர்களா?

எதிர்த் தரப்பின் வாதங்களையும் பார்த்துவிடுவோம். மனு வந்தால் ஆட்சேபணை கேட்காமல் கோப்பை மூடுவது எனக்குப் பழக்கமில்லை.

முதல் ஆட்சேபணை பாதுகாப்பு. 'வேர் அதிகாரம் திறந்து கிடந்தால் கெட்ட ஆப் எல்லா அறைக்குள்ளும் புகுந்துவிடும்' என்கிறார்கள். இது உண்மை. அதனால் நம் வயதுக்காரர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். பென்ஷன், வங்கி, கேஸ் பதிவு எல்லாம் ஓடும் ஒரே போனைத் தூக்கிக்கொண்டுபோய் யாரிடமும் 'ரூட் பண்ணிக் கொடு' என்று நீட்டாதீர்கள். போனில் கூப்பிட்டு 'நான் சரி செய்து தருகிறேன், இந்த ஆப்பை ஏற்றுங்கள்' என்பவன் கண்டிப்பாகத் திருடன். பூட்லோடரைத் திறந்தால் பொதுவாக உள்ளே இருக்கும் படம், எண், செய்தி எல்லாம் அழிந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை இது.

ஆனால் பூட்டு வேண்டாம் என்று இங்கே யார் சொன்னது? என் வீட்டுக்கும் பூட்டு உண்டு, சாவி என் இடுப்பில் இருக்கிறது. கூகுள் தானே தயாரிக்கும் பிக்சல் போன்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் நேராக வாங்கியவர் அதன் பூட்லோடரைத் திறந்து, வேறு மென்பொருளை ஏற்றி, தன்னுடைய சொந்தச் சாவியாலேயே மறுபடி பூட்டவும் முடியும். ஆக, பாதுகாப்பும் உடையவரின் உரிமையும் ஒரே போனில் இருக்கலாம் என்பது செய்து காட்டப்பட்ட விஷயம். மற்றவர்கள் செய்யாததற்குக் காரணம் மனம் இல்லாததுதான். ஹுவாவே 2018-இல் திறப்பு எண் கொடுப்பதையே நிறுத்தியது. ஷாவ்மி விண்ணப்பம் வாங்கிக்கொண்டு, நம் போனைத் திறக்க நம்மையே 168 மணி நேரம் காக்க வைத்தது. சாம்சங் 2013 முதல் தன் உயர்ரகப் போன்களில் ஒரு மின் உருகியை வைத்தது. அனுமதியில்லாத மென்பொருளை ஒருமுறை ஏற்றினால் அது எரிந்துவிடும், பிறகு எந்தக் காலத்திலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அதோடு சில வசதிகளும் போய்விடும். வெள்ளைக்காரன் காலத்தில் கைரேகைச் சட்டம் என்று ஒன்று இருந்ததே, அந்த முத்திரைதான் ஞாபகம் வருகிறது.

இரண்டாவது ஆட்சேபணை வங்கிகளுடையது. ரூட் செய்த போனிலும் மென்பொருள் மாற்றிய போனிலும் பல வங்கி ஆப்கள் ஓட மறுக்கின்றன. என்னுடைய பழைய போனைப் பொறியியல் படிக்கும் உறவுக்காரப் பையன் திறந்து லீனியேஜ் ஏற்றிக் கொடுத்தான். தமிழ் மின்னூல்களும் பிரெஞ்சுப் பத்திரிகைகளும் படிக்க இன்றுவரை அதுதான். பிந்திய பாதுகாப்புத் திருத்தங்கள் எல்லாம் அதில் வருகின்றன. வங்கி ஆப்போ, 'இந்தச் சாதனம் பாதுகாப்பற்றது' என்று வாசலிலேயே நிறுத்திவிட்டது. அதே மாதிரிப் போன் பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கிறது. கம்பெனி பூட்டிய பூட்டு அப்படியே இருக்கிறது, மூன்று வருஷமாக ஒரு பாதுகாப்புத் திருத்தமும் வரவில்லை. அதில் வங்கி ஆப் ஜோராக ஓடுகிறது! கதவு உளுத்துப்போன வீட்டுக்கு 'பாதுகாப்பு' என்று சான்று. புதுக்கதவு போட்ட வீட்டுக்கு 'ஆபத்து' என்று நோட்டீஸ். கதவைப் பார்த்துக் கொடுக்கும் சான்றா இது? சாவி யாரிடம் என்று பார்த்துக் கொடுக்கும் சான்றுதானே!

மூன்றாவது ஆட்சேபணை விலை. 'உள்ளே ஏற்றி வரும் ஆப்களுக்குக் கிடைக்கும் பணத்தால்தான் உங்களுக்கு மலிவாகத் தருகிறோம்' என்கிறார்கள். இருக்கட்டும். அப்படியானால் அதைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போடட்டும். 'விளம்பரத்தோடு இந்த விலை, விளம்பரம் இல்லாமல் ஐந்நூறு ரூபாய் அதிகம்' என்று எழுதினால் எது வேண்டும் என்று நான் தீர்மானித்துக்கொள்கிறேன். சொல்லாமல் பிடித்துக்கொள்வதற்கு அலுவலக மொழியில் வேறு பெயர் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த லினக்ஸ் யாருடைய சொத்து? 1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகம் முழுவதும் பல்லாயிரம் பேர் உழைத்து, யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் விட்டது. ஊர்க் கண்மாயில் தண்ணீர் மொண்டு, குடத்துக்குப் பூட்டுப் போட்டு நமக்கே விற்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, அடுத்தவர் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவரைத்தான் தண்டிக்கிறது. தன் போனைத் தானே திறப்பவரை அது தேடி வரவில்லை. அமெரிக்காவில் 2010 ஜூலையிலேயே போனைத் திறப்பதற்குச் சட்ட விலக்கு கொடுத்துவிட்டார்கள். பிரான்சில் ஒரு படி மேலே போய், பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதை 2015-இல் குற்றமாகவே ஆக்கினார்கள். மென்பொருள் அப்டேட்டால் பழைய ஐபோன்களின் வேகம் குறையக்கூடும் என்பதை வாங்கியவர்களுக்குச் சொல்லாமல் விட்டதற்காக 2020 பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனி அங்கே 2 கோடியே 50 லட்சம் யூரோ கட்டியது. 2021 ஜனவரி முதல் அங்கே விற்கும் போனுக்கு, பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மார்க் போட்டு, விலையோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். பள்ளிப் பிள்ளைக்கு மார்க் போடுவதுபோல் கம்பெனிக்கும் மார்க்! பிரெஞ்சுக்காரர்களிடம் எனக்குக் கோபம் வரும் விஷயங்கள் பல உண்டு. இந்த விஷயத்தில் கை தட்டத்தான் வேண்டும்.

நம் நாட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. போனோடு வரும் கூகுள் ஆப்களை வாங்கியவர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் அந்த உத்தரவில் இருந்தது. 2023 மார்ச் 29 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் நான்கு கட்டளைகளை நீக்கியது. அந்த நான்கில் ஒன்று இந்த நீக்கும் உரிமை. பழுதுநீக்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. அதே டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வாகனம் என்று நான்கு துறைகளைச் சேர்த்தார்கள். நல்ல காரியம். ஆனால் போனின் பழுது என்பது இன்றைக்குத் திரையும் பேட்டரியும் மட்டுமில்லை. மென்பொருள்தான் முதலில் சாகிறது. மென்பொருளின் சாவியைப் பேசாத பழுதுநீக்கும் உரிமை, உதிரிப் பாகம் மட்டும் பேசி எஞ்சின் அறையைப் பூட்டி வைப்பது போலத்தான்.

இந்த உரிமை நம் மண்ணுக்குப் புதிதும் கிடையாது. கரிசல் காட்டில் கருங்கண்ணிப் பருத்தி போட்ட காலத்தில் விதையை யாரும் வருஷா வருஷம் கம்பெனியிடம் கேட்டதில்லை. தன் காட்டு விதையை எடுத்து வைத்தார்கள், அடுத்தவருக்கும் கொடுத்தார்கள். கம்பெனி விதை வந்து அந்தப் பழக்கம் போகும் என்ற பயம் வந்தபோது, நாடாளுமன்றம் 2001-இல் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. விளைந்ததிலிருந்து விதை எடுத்து வைக்க, மறுபடி விதைக்க, பரிமாறிக்கொள்ள விவசாயிக்கு உரிமை உண்டு என்று அதன் 39-ஆம் பிரிவு சொல்கிறது. கம்பெனிப் பெயர் போட்ட விதையாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். 2019-இல் குஜராத்தில் உருளைக்கிழங்கு போட்ட விவசாயிகள் மேல் பெப்சி கம்பெனி வழக்குப் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியது நினைவிருக்கும். விதையில் கம்பெனிக்கும் உரிமை உண்டு, வாங்கியவனுக்கும் உரிமை உண்டு என்று எல்லை பிரித்துக் கொடுக்கத் தெரிந்த நாடு இது. விதைக்குச் செய்ததைப் போனுக்கும் செய்யலாம்.

ஆகவே என் மனு மூன்றே வரி.

ஒன்று, போன் பெட்டியின் மேல், விலைக்குப் பக்கத்தில், எந்தத் தேதி வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று அச்சிட வேண்டும். மருந்துக்கும் பிஸ்கட்டுக்கும் போடும் தேதியைப் போனுக்குப் போட என்ன தடை?

இரண்டு, போனோடு வரும் ஆப்களில் போன் ஓடத் தேவையில்லாத எதையும் வாங்கியவர் நீக்க வழி இருக்க வேண்டும்.

மூன்று, இதுதான் முக்கியம். அப்டேட் நின்ற அன்றைக்கு அந்தப் போனின் பூட்லோடர் சாவியைக் கேட்பவருக்குக் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும். நாங்கள் பார்க்க மாட்டோம் என்று சொன்ன பிறகு, வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று சொல்ல அவர்களுக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

'இந்த வயதில் நமக்கு எதற்கு இது' என்று நண்பர்கள் கேட்கலாம். நமக்குத்தான் வேண்டும். வருஷம் ஒரு போன் மாற்றும் சம்பாத்தியம் இளையவர்களுக்கு இருக்கிறது. 2023 அக்டோபரில் வாட்ஸ்அப், ஆண்ட்ராய்டு 5.0-க்குக் கீழே இருந்த போன்களைக் கைவிட்டபோது, வெளியூர்ப் பிள்ளைகளின் முகத்தைப் பழைய போனில் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் திகைத்துப்போனார்கள். உயிர்ச் சான்று, வங்கி, ரயில் சீட்டு என்று ஒவ்வொன்றையும் அரசாங்கமே போனுக்குள் கொண்டுபோய் வைக்கிறது. வைக்கட்டும். போன் இல்லாமல் வாழ முடியாது என்று ஆக்கியவர்கள், அந்தப் போன் நம்முடையது என்பதையும் ஆக்கித் தர வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த முறை போன் வாங்கப் போகும்போது, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "அப்டேட் எத்தனை வருஷம் வரும்? பூட்லோடரைத் திறக்கக் கம்பெனி அனுமதி கொடுக்குமா?" கடைப் பையனுக்குப் பதில் தெரியாது, முழிப்பான். பத்துப் பேர் கேட்டால் முதலாளியிடம் கேட்பான். நூறு பேர் கேட்டால் முதலாளி கம்பெனி ஆளிடம் கேட்பார். கோப்பு நகர்வதெல்லாம் இப்படித்தான் என்பது முப்பது வருஷம் கோப்போடு இருந்தவனுக்குத் தெரியும்.